டொரத்தி எடுத்த பாடங்கள்

டொரத்திக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசை ஒரு மோட்டார் காரைப் பார்த்துத்தான் வந்தது. அவள் படித்த கான்வென்ட் பள்ளிக்கு வருஷம் ஒருமுறை ஒரு லேடி டாக்டர் வருவார். பிள்ளைகளின் தலையில் பேன் இருக்கிறதா, பல் சொத்தையா என்று பார்த்துவிட்டு, தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பக்கத்தில் டிரைவர் கிடையாது, புருஷன் கிடையாது. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த டொரத்தி அதுவரை பார்த்த பெண்கள் எல்லாம் யாரோ ஓட்டிய வண்டியில்தான் உட்கார்ந்து போனார்கள்.

அப்பா கிரிகரி கிள்ளான் ரயிலில் கார்டு வேலை பார்த்தார். மகள் ஆசையைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார்.

“கோழி அறுத்தாலே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுறவ, நீ மனுஷன அறுக்கப் போறியா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. டொரத்திக்கு எதைக் கண்டாலும் அருவருப்பு. சளி, எச்சில், ஈரத்துணி நாற்றம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் காதில் வடிகிற சீழ், எதுவும் ஆகாது. ஆனாலும் அவள் விடவில்லை.

எட்டாம் ஸ்டாண்டர்டு போகும்போது பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பாடங்களில்தான் பிறகு சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. கான்வென்ட்டில் பெண்களுக்கென்று வைத்திருந்தவை தையல், வீட்டு நிர்வாகம், சித்திரம், கொஞ்சம் தாவர சாஸ்திரம். சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட இதெல்லாம் உதவாது. கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் வேண்டும். அவை இரண்டும் ஆண்கள் பள்ளியில்தான் இருந்தன. தலைமைக் கன்னியாஸ்திரியை டொரத்தி அந்த வருஷம் முழுவதும் நச்சரித்தாள். கடைசியில் அவர் அலுத்துப்போய், தையலை விட்டுவிட்டு அந்த நேரத்தில் ஆண்கள் பள்ளிக்குப் போய்க் கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்காரலாம் என்று அனுமதி கொடுத்தார்.

அங்கே கெமிஸ்ட்ரி மாஸ்டர் கார்த்திகேசு. யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. இங்கிலாந்து ராஜாவின் பிறந்தநாள் வந்தால் முன்வரிசையில் நின்று உரக்கப் பாடுகிறவர் அவர்தான். டொரத்தியின் பெயரை எழுதிக்கொண்டு, “ஜனவரியில வாரும் பிள்ளை. பெட்டைப் பிள்ளை எண்டு உமக்குச் சலுகை தரமாட்டன்” என்றார்.

ஜனவரியில் ஜப்பான்காரன் வந்தான்.

அதற்குப் பிறகு ஊரே அழுகத் தொடங்கியது. குண்டு விழுந்த ரயில் யார்டில் எரிந்த ரப்பர் நாற்றம் வாரக்கணக்கில் போகவில்லை. குப்பை அள்ள ஆள் வரவில்லை, கக்கூஸ் வாளி எடுக்க ஆள் வரவில்லை. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, அதையே மாவாக்கிப் பாமாயிலில் சுட்டு இரவிலும் கிழங்கு. அந்த எண்ணெய் நாற்றம் டொரத்தியின் தலைமுடியில் ஏறி உட்கார்ந்தது. பிறகு அம்மா மகதலேனா அந்த முடியையும் கத்தரித்து எறிந்தாள். வயசுப்பெண் என்று சிப்பாய்களுக்குத் தெரியக் கூடாது என்று அப்பாவுடைய பழைய சட்டையை மாட்டிவிட்டாள். பாலத்தடியில் நிற்கும் காவல்காரனுக்கு இடுப்பு வளையக் கும்பிடு போட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். ஒரு நாள் அப்பா குனிந்தது போதவில்லை என்று அவன் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிய அப்பா மறுபடி குனிந்து, “அரிகாத்தோ” என்று நன்றி சொன்னார். டொரத்தி பின்னால் நின்றிருந்தாள். அடித்தவனைவிட, நன்றி சொன்ன அந்தக் குரல்தான் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

பாதி வருஷம் போனபின் பள்ளிக்கூடம் திறந்தார்கள். ஆண்கள் பள்ளிக் கட்டிடத்திலேயே பெண்களுக்கும் வகுப்பு. தலைமை ஆசிரியர் நாற்காலியில் கார்த்திகேசு மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை. மொட்டை அடித்த தலை, சட்டைப் பையில் சின்னதாக ஜப்பான் கொடியின் சிவப்புச் சூரியன். ராஜா படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே கெமிஸ்ட்ரி லேப். கண்ணாடிக் குழாய்களையும் குடுவைகளையும் ராணுவம் அள்ளிக்கொண்டு போயிருந்தது. மேஜைகள்மேல் யாரோ கிழங்கு காயப்போட்டிருந்தார்கள்.

“என்ன பாடம் எடுக்கப் போறீர்?” என்றார் மாஸ்டர்.

“கெமிஸ்ட்ரி, மாஸ்டர். நீங்கதான் ஜனவரில வரச் சொன்னீங்க.”

“கெமிஸ்ட்ரியும் இல்லை, மண்ணும் இல்லை. நிப்பொங்கோ எடும். ஜப்பான் பாஷை. அதோட பாட்டு, தோட்ட வேலை, உடற்பயிற்சி.”

“எனக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போகணும்.”

“அதுக்குத்தான் சொல்லுறன். சியோனானில மருத்துவக் கல்லூரி திறக்கப் போறாங்கள்.” சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் வைத்த பெயரை அவர் நாக்கு இடறாமல் சொன்னார். “பாடம் நடத்துறது நிப்பொங்கோவில. கெமிஸ்ட்ரி தெரிஞ்ச பத்துப் பேர் நிண்டாலும், பாஷை தெரிஞ்ச ஒருத்தரைத்தான் எடுப்பாங்கள்.”

கொஞ்ச நாள் முன்புவரை ராஜாவுக்காக உருகிப் பாடிய அதே வாய். டொரத்திக்கு அந்த மொட்டைத் தலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதில் கணக்கு சரியாக இருந்தது. நிப்பொங்கோ என்று எழுதச் சொன்னாள்.

காலையில் எல்லாரும் முற்றத்தில் கிழக்கே பார்த்து நின்று, கண்ணால் காணாத சக்கரவர்த்திக்கு வணக்கம் செலுத்த வேண்டும். வெயிலில் யாராவது மயங்கி விழுந்தால் பாட்டு நிற்காது. பசியில் வாய் நாறுகிற பிள்ளைகள் வெற்றிப் பாட்டு பாடின. டொரத்தி உதட்டை அசைத்தாள், எழுத்துகளை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லையும் மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினாள். பிடிக்காத பாடம் அவளுக்கு வெகு சுலபமாக வந்தது, அதுவும் எரிச்சல்தான். அடுத்த வருஷம் நடந்த பரீட்சையில் அந்தப் பள்ளியிலேயே அவள்தான் முதல்.

மறுவாரம் மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார்.

“லேபர் ஆபீசில தமிழும் நிப்பொங்கோவும் தெரிஞ்ச ஆள் கேட்டிருக்கினம். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில ஒரு ராணுவ டாக்டர் வேலையாட்களைச் சோதிக்கிறார். பக்கத்தில நிண்டு மொழி பெயர்க்கோணும். டாக்டருக்குப் பக்கத்தில நிண்டு வேலை செய்தால், கல்லூரிக்கு அதைவிட வேற என்ன சிபாரிசு வேணும்?”

“எதுக்கு சோதிக்கிறாங்க, மாஸ்டர்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “சயாமில ரயில் பாதை போடுறாங்கள். ஆள் அனுப்புறாங்கள்.”

சயாமுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்று கிள்ளான் ரயிலில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கிரிகரியின் காதிலும் அது விழுந்திருந்தது. மகளை அனுப்ப அவருக்கு மனசில்லை. மாட்டேன் என்று சொல்லவும் தைரியம் இல்லை. தான் கார்டாக இருக்கிற ரயிலிலேயே கூட்டிப் போய், சாயங்காலம் அதே ரயிலில் கூட்டி வருவதாகச் சொன்னார். அதற்கு லேபர் ஆபீஸ் சம்மதித்தது.

கிள்ளான் ஸ்டேஷனிலிருந்து லோரியில் தோட்டத்துக்குப் போனார்கள். பிரட்டுக் களத்தில், தினமும் காலையில் பெயர் கூப்பிடும் அந்த மண் தரையில், ஆண்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மேல்சட்டை கிடையாது. எலும்பு எண்ணலாம். காலில் புண் இல்லாத ஆள் இல்லை. ஈக்கள் புண்ணிலிருந்து முகத்துக்கும் முகத்திலிருந்து புண்ணுக்கும் போய் வந்தன. டொரத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ராணுவ டாக்டர் மெலிந்த மனிதர். சுத்தமான கண்ணாடி, சுத்தமான நகங்கள், மூக்கில் வாசனைத் தைலம் நனைத்த கைக்குட்டை. ஆட்களை அவர் தொடவே இல்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு பிரம்பு நுனியால் திரும்பச் சொன்னார், வாயைத் திறக்கச் சொன்னார். அவ்வளவுதான் சோதனை. பிறகு ஒரு சிப்பாய் ஆளின் கையில் ஊதா மையில் முத்திரை குத்துவான். கெண்டைக்கால் புண்ணில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்த ஒருவரைப் பார்த்து டாக்டர், “நடக்கிறான் அல்லவா?” என்றார். முத்திரை விழுந்தது. இருமி இருமித் துணியில் ரத்தம் துப்பியவருக்கும் முத்திரை. டொரத்தி “ரத்தம்” என்று இரண்டு தடவை நிப்பொங்கோவில் சொன்னாள். டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

லேடி டாக்டராவது பேன் தலையைக் கையால் விரித்துப் பார்த்தார். இந்த ஆளும் படித்தவர்தானே, இவருக்கும் ஒரு கல்லூரி இருந்திருக்கும்தானே என்று நினைத்தபோது, ஈ மொய்த்த புண்களைவிட அந்தக் கைக்குட்டைதான் அவளுக்குக் குமட்டியது.

மத்தியானம் ஆகும்போது ரெங்கசாமி என்ற ரப்பர் பால்வெட்டுக்காரர் முன்னால் வந்தார். முப்பது வயது இருக்கும். தோளிலும் முதுகிலும் வெளுத்த திட்டுகள். டாக்டரின் நாற்காலி லேசாகப் பின்னால் நகர்ந்தது.

“அது என்ன?”

டொரத்தி கேட்டுச் சொல்ல வேண்டும். “இது என்னங்க முதுகுல?”

“தேமலுங்க. சின்ன வயசுலேருந்து இருக்கு.”

தேமலுக்கு நிப்பொங்கோவில் என்ன சொல் என்று டொரத்திக்குத் தெரியாது. பள்ளியில் அதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் வேறொரு சொல் தெரியும். சுங்கை பூலோவில் இருந்த தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போகிற பாதையில் ராணுவம் நட்டிருந்த எச்சரிக்கைப் பலகையின் வாசகத்தை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். அந்தச் சொல்தான் வாயில் வந்தது.

“ராய்பியோ” என்றாள்.

வேறு சொல் தெரியாததால் சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று அவளுக்கே பிறகு நிச்சயமாகத் தெரியவில்லை. நாற்காலி பின்னால் போனதை அவள் பார்த்திருந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

டாக்டர் துள்ளி எழுந்தார். நாற்காலி கவிழ்ந்தது. அவருக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச மலாய் அப்போது வெளியே வந்தது. “குஸ்தா! குஸ்தா!” என்று கத்தினார். மலாய் தெரியாதவர்களுக்கும் அந்தச் சொல் புரிந்தது. தமிழில் குஷ்டம் என்று சொல்கிறோமே, அதே சொல்தான். வரிசை இரண்டாகப் பிளந்தது. அதுவரை தோளோடு தோள் உரசி நின்றவர்கள் ரெங்கசாமியைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு ஒதுங்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் மட்டும் ஓங்கி எழுந்தது. அது அவர் மனைவி பவுனம்மாள்.

ரெங்கசாமிக்கு முத்திரை விழவில்லை. பிரம்பால் தள்ளி விரட்டினார்கள்.

ரயிலில் வரும்போது டொரத்திக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. அது இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி கிள்ளான் ஸ்டேஷனில் கிரிகரியிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். ரெங்கசாமியின் பாயையும் துணியையும் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களே எரித்துவிட்டார்களாம். சதுப்போரம் இடிந்து கிடந்த ஆட்டுக் கொட்டகைக்கு அவரைத் துரத்திவிட்டார்களாம். பவுனம்மாளைப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லையாம்.

“நீயாம்மா சொன்ன?” என்று அப்பா கேட்டார்.

டொரத்தி தலையாட்டினாள். ரெங்கசாமிக்குக் குஷ்டம் இல்லை என்று வெளியே சொன்னால் அவரைச் சயாமுக்கு ஏற்றிவிடுவார்கள், பொய் சொன்னதற்கு அவள் கழுத்தும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் அவர் ஆட்டுக் கொட்டகையில் கிடக்க வேண்டும். மறுவாரம் வயிற்றுப்போக்கு என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டாள். கார்த்திகேசு மாஸ்டர் வீட்டு வாசலில் வந்து நின்று, “சிபாரிசு கெட்டுப்போகும், பிள்ளை” என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தை அம்மா தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

அன்று பிற்பகல் பவுனம்மாள் வந்தாள். கிள்ளானிலிருந்து பாதி தூரம் மாட்டு வண்டியில், மீதி நடை. கார்டு கிரிகரி வீடு எது என்று விசாரித்து வந்திருந்தாள். கால் முழுக்கச் செம்மண். தன்னைத் திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று டொரத்தி எழுந்து நின்றாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. நான்தான்...”

“எனக்குத் தெரியாதா, தங்கச்சி? கூடப் படுத்தவ நானு.” பவுனம்மாள் சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். “நீ வாயத் தொறந்துறாத. அவரு அங்கயே கெடக்கட்டும். உசுரோட கெடக்கட்டும். ஊர்க்காரன் எவன் மூஞ்சியும் எனக்கு வேணாம்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

“என் தம்பி வாசு. போன தடவ காய்ச்சல்ல படுத்திருந்தான், தப்பிச்சான். அடுத்த தடவ வரிசைல நிக்கணும்னு கிராணி சொல்லிட்டாரு. அவனுக்கும் அதையே சொல்லு.”

“அவருக்குத் தேமல் இருக்கா?”

“இல்ல. உண்டாக்கிறலாம். காஜுஸ் கொட்டத் தோல்ல எண்ணெ வரும்ல? பச்சையா தேய்ச்சா தோல் வெந்து வெளுத்துரும்.”

டொரத்திக்கு உடம்பெல்லாம் கூசியது. முந்திரித் தோலின் எண்ணெய் பட்டால் அமிலம் பட்ட மாதிரி வேகும் என்று அவளுக்குத் தெரியும்.

“அக்கா, நான் இனிமே அந்த வேலைக்குப் போறதா இல்ல. அந்த ஆளப் பார்த்தாலே வாந்தி வருது.”

“வரும்லா. எனக்கும்தான் வருது” என்றாள் பவுனம்மாள். “வாந்தி எடுத்துட்டுப் போ.”

டொரத்தி போனாள்.

வாசுவுக்கு இருபது வயது இருக்கலாம். இடது கையில் முழங்கைக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் வெளுத்து, பொருக்குத் தட்டியிருந்தது. டொரத்தி அதைப் பார்த்து, தயாராக வைத்திருந்த சொல்லைச் சொன்னாள். டாக்டர் இந்த முறை துள்ளவில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரே தோட்டத்தில் இன்னொன்றா? நீ வைத்தியம் படிக்கப் போகிறவளாமே, உன் ஆசிரியர் சொன்னார். வா, ஒரு பாடம் சொல்லித் தருகிறேன்.” தோல் பெட்டியைத் திறந்து நீளமான ஊசி ஒன்றை எடுத்தார். “இந்த வியாதியில் தோல் மரத்துப்போகும். குத்தினால் தெரியாது. தெரிந்தால் பொய்.”

ஊசியை அவர் வாசுவிடம் கொண்டுபோகவில்லை. டொரத்தியின் கையில் கொடுத்தார்.

“நீ குத்து.”

களம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வாசுவுக்கு நிப்பொங்கோ தெரியாது. ஆனால் ஊசியைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது. மொழிபெயர்க்க வேண்டிய வேலை அவளுக்கு மிச்சம் இருந்தது. தோட்டத்து ஆட்களிடம் எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

“அண்ணே, ஊசி குத்தப் போறேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புரியுதா? ஒண்ணும் தெரியாது.”

“சரிங்க” என்றான் வாசு. ரப்பர் மரங்களின் பக்கம் பார்வையை வைத்துக்கொண்டான்.

வெந்த தோல் ஊசியின் கீழே முதலில் அமுங்கியது, பிறகு கொடுத்தது. ஈரமாக ஏதோ கசிந்து அவள் விரலில் பட்டது. சூடாக இருந்தது. வாசுவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. தாடை எலும்பு மட்டும் ஒருமுறை புடைத்து அடங்கியது, அது டாக்டர் உட்கார்ந்திருந்த பக்கம் இல்லை.

“ஆழமாக” என்றார் டாக்டர்.

ஆழமாகக் குத்தினாள்.

“இன்னும் ஓரமாக. அங்கே.”

ஓரத்தில் தோல் உயிரோடு சிவந்திருந்தது. அங்கேயும் குத்தினாள். வாசு மரங்களை எண்ணுகிறவன்போல் நின்றான். அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. எல்லாருக்கும்தான் வழிந்தது, அன்றைக்கு அப்படி வெயில்.

“குஸ்தா” என்று டாக்டர் கையை வீசினார். வாசு திரும்பி நடந்தான். ஊசியை டாக்டர் திரும்ப வாங்கவில்லை, கீழே போடச் சொன்னார். பிறகு அவள் கையைப் பார்த்து, “நடுங்கவில்லையே. நல்ல கை. நீ டாக்டராகலாம். நானே எழுதிக் கொடுக்கிறேன்” என்றார்.

சாயங்காலம் ரயிலின் கடைசிப் பெட்டியில், அப்பாவின் கொடிகளும் விளக்கும் இருந்த மூலையில், டொரத்தி வயிற்றில் இருந்ததை எல்லாம் வாந்தி எடுத்தாள். ஒன்றும் இல்லாதபோதும் எடுத்தாள். கிரிகரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே நின்றார். ஒரு ஸ்டேஷனில் கொடி காட்ட மறந்துவிட்டார்.

டாக்டர் சொன்னபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். சியோனானுக்குப் போகத் தயாராக இரு என்று கார்த்திகேசு மாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னபோது டொரத்தி, “வேண்டாம் மாஸ்டர், எனக்கு டாக்டராக வேண்டாம்” என்றாள். அவர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். மகளுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று கிரிகரி லேபர் ஆபீசுக்குப் போய்க் குனிந்து குனிந்து சொன்னார். இந்தத் தடவை அப்பா குனிந்ததை டொரத்தி வெறுக்கவில்லை. மீதி யுத்த காலம் முழுவதும் குவார்ட்டர்ஸ் பின்னால் கிழங்கு நட்டாள், பன்றிக்குக் கழுநீர் ஊற்றினாள். புத்தகம் என்று ஒன்றைத் தொடவில்லை. டாக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே விரலில் அந்தச் சூடான ஈரம் வந்து ஒட்டிக்கொண்டது.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் தோற்றான், வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பவுனம்மாள் ஆள் அனுப்பி டொரத்தியை வரச் சொன்னாள். தோட்டத்தில் பாதி லயம் பூட்டிக் கிடந்தது. சயாமுக்குப் போனவர்களில் திரும்பியவர்கள் ஒரு கைவிரலுக்குள் அடக்கம். ரெங்கசாமியும் வாசுவும் சதுப்போரக் கொட்டகையை வீடாகக் கட்டியிருந்தார்கள். அவர்களைக் கல்லால் அடித்துத் துரத்திய கங்காணி இப்போது அவர்கள் வீட்டில்தான் வந்து கிழங்கு கேட்டு நின்றான். பவுனம்மாள் கொடுத்தாள், ஆனால் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு விலகிக்கொண்டாள். இரண்டு வருஷம் அவளுக்கு அவர்கள் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள்.

வாசு சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினான். புண் சீழ் வைத்து ஆறி, விரல் நுனி புதைகிற அளவு ஒரு குழி விழுந்திருந்தது.

“உங்க கை கனம்லா” என்று சிரித்தான்.

டொரத்திக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குழியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தொட்டாள். சுற்றிலும் அழுத்திப் பார்த்தாள். எங்கே உணர்ச்சி இருக்கிறது, எங்கே இல்லை என்று அவனைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். நடுவில் நிஜமாகவே மரத்துப்போயிருந்தது. அவள் குத்தியதால் மரத்தது. வைத்தியத்தில் அவள் கற்ற ஒரே பாடம் அதுதான். சாகிறவரை அது ஒன்றே தனக்குத் தெரிந்த வைத்தியமாக இருந்துவிடுமோ என்ற நினைப்பு, ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அவளை விடவில்லை.

மறுமாதம் பள்ளிக்கூடம் திறந்தது. டொரத்தி பெயர் கொடுக்கப் போனாள். மேஜைக்குப் பின்னால் கார்த்திகேசு மாஸ்டர். முடி வளர்ந்திருந்தது, கஞ்சி போட்ட கோட்டு வந்திருந்தது. சுவரில் ராஜா பழைய இடத்தில் தொங்கினார். அவளைக் கண்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“பிள்ளை, ஒரு விசயம். ஜப்பான்காரனோட வேலை செய்தவையை இப்ப விசாரிக்கினம். நீர் மொழிபெயர்க்கப் போனதை நான் ஒருத்தருக்கும் சொல்லயில்லை. அனுப்பினது நான் எண்டு நீரும் சொல்லவேண்டாம். எனக்கும் நாலு பிள்ளையள் இருக்கு.”

டொரத்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவும் பயந்த முகம்தான். பாலத்தடியில் அப்பாவிடம் பார்த்த அதே பயம். ஆனால் அப்பா தன் கன்னத்தைத்தான் கொடுத்தார். இவர் அவளைக் கொடுத்தார்.

“நான் ஊசி குத்தினத சொல்லணும்னா நானே சொல்லிக்கிறேன், மாஸ்டர். உங்களப் பத்தி நான் பேசப் போறதில்ல, அதுக்குக்கூட எனக்கு வாய் கூசுது. நீங்க எழுதுங்க. கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி.”

“நிப்பொங்கோ படிச்ச வருசத்தை அவங்கள் கணக்கில எடுக்கமாட்டாங்கள். சின்னப் பெடியளோட இருந்து படிக்கோணும். தையல் எடுத்தால் சுலபமாப் பாஸ் பண்ணலாம்.”

“கெமிஸ்ட்ரி” என்றாள் டொரத்தி.

அவர் எழுதினார்.

லேபில் கிழங்கு நாற்றம் இன்னும் போகவில்லை. இருபது வயதை நெருங்கிய டொரத்தி, மீசை முளைக்காத பையன்களோடு முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் குழாய்கள் இன்னும் வரவில்லை என்பதால் மாஸ்டர் கரும்பலகையில் வரைந்துதான் நடத்தினார். அமிலம் உலோகத்தை என்ன செய்கிறது, ஏன் செய்கிறது, எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல், கடைசி பெஞ்சில் இருக்கிற மந்தமான பையனுக்கும் விளங்கும்படி சொன்னார். அதற்குமுன் யாரும் அவளுக்கு எதையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. ஒரு சொல்கூட வீணாக இல்லை. அந்த மனிதர் இவ்வளவு நல்ல வாத்தியாராக இருந்ததுதான் டொரத்திக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.